வரிசை எண் 214

படிவத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
அறிவுசார் மூலதனம்,
மார்ச் முப்பத்தொன்று நிலவரப்படி,
லட்சங்களில்.

பேட்டை தாண்டி, தென்காசி சாலை,
அரசுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி.
தரவு உள்ளிடும் தினக்கூலி நான்.
மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிறது.

மனித மூலதனம்: முனைவர்கள் நூற்று எழுபத்தொன்று.
காலிப் பணியிடங்கள் தொண்ணூற்றிரண்டு,
அதற்குக் கட்டம் இல்லை.
உறவு மூலதனம்: புரிந்துணர்வு ஒப்பந்தம் நாற்பது.
அதில் முப்பத்தெட்டு உறவு
கையெழுத்திட்ட அன்று எடுத்த புகைப்படத்தோடு முடிந்தது.
வருகிற குழுவுக்கு வாங்கிய ஆறு கிலோ அல்வாவை
எந்தத் தலைப்பில் சேர்க்க என்றேன்.
பதிவாளர் சிரிக்கவில்லை.
யார் யாருக்கு அல்வா கொடுக்கிறார்கள் என்பது
இந்த ஊரில் என்றைக்குத் தெளிவாக இருந்தது?

செய்யதலி பாத்திமா, கணிதம், கௌரவ விரிவுரையாளர்.
ஏப்ரல் வரை இருப்பாள். மே மாதம் இல்லை.
ஜூனில் மறுபடி முளைப்பாள்.
மேலப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளை
0.92 என்று எழுதச் சொல்கிறது வழிகாட்டிக் குறிப்பு.
எட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"மிச்சம் 0.08 மே மாசம் என்னத்த சாப்பிடும்னு
எங்கயாவது போட்டிருக்காக்கா?"

பாபநாசம் எண்பத்தேழு அடி, வரத்து இருநூறு,
வெளியேற்றம் நானூறு கன அடி.
தினமும் பேப்பரில் அணை மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.
கன்னடியன் கால்வாயில் இறங்கிய தண்ணீர்
எந்த வயலில் எந்தக் கதிருக்குள் பால் பிடித்தது என்று
அதில் எழுதியிருக்காது.
அதற்காக மட்டக்கோலைப் பிடுங்கி எறி என்று
நான் சொல்ல மாட்டேன்.
மட்டம் தெரியாத ஒரு மார்கழி இரவில்
வண்ணார்பேட்டையில் என் கட்டிலுக்குக் கீழே
ஆறு வந்து படுத்திருந்தது.

குழு வந்த அன்று கருவி மையத்தில்
நாற்பது லட்சத்து வாயுப்பகுப்புக் கருவி
விழிக்க மறுத்தது.
பேராசிரியர்கள் நால்வர் அதைச் சுற்றி
துஷ்டி வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.
ஆய்வக உதவியாளர் வந்து
பின்பக்கம் கைவைத்துப் பார்த்தார்.
"ஈரக்காத்து சார். இருபது நிமிசம் பொறுங்க.
மூணாவது வால்வ மட்டும் யாரும் தொட்டுராதீங்க."
இருபத்திரண்டாம் நிமிடம் கோடு எழும்பியது.

இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றார் குழுத் தலைவி.
எங்கும் இல்லை.
பெயர் என்ன என்றார்.
ஞானதிரவியம், டோனாவூர்.
யாரோ பொருளை மொழிபெயர்த்துச் சொல்ல
அவர் படிவத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்,
வாய்விட்டுச் சிரித்தார்.
என் தாளிலும் இருந்தார்தான்:
ஆசிரியரல்லாதோர், செலவினம், வரிசை எண் 214,
ஓய்வு மே முப்பத்தொன்று.

உடனே எனக்கு உத்தரவு: அவருக்குத் தெரிந்ததையெல்லாம்
தட்டச்சு செய்து வாங்கு, ஆவணம் ஆக்கு.
மடிக்கணினியோடு போய் உட்கார்ந்தேன்.
"இதுக்கு எத்தன மார்க்கு தாயி?"
ஐந்து என்றேன்.
கண்ணாடிக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்தார்.
"பதினெட்டு மாசமா என் இன்கிரிமென்ட் நிலுவையில கெடக்கு.
அத மொதல்ல அளந்துட்டு வாங்க,
பொறவு இத அளப்போம்."

கோப்பு போனது. திரும்பியது. மறுபடி போனது.
வால்வு என்ற சொல்லோடு நின்றது என் ஆவணம்,
ஒன்றரைப் பக்கம்.

கடைசி நாள் கூட்டுத்தொகைக் கட்டத்தில்
எண் வரவில்லை, வேலிக்கம்பி மாதிரிக் கோடுகள்.
கட்டம் ஒடுக்கம், அவ்வளவுதான்.
இழுத்து அகலமாக்கினேன்.
தெரிந்த எண்ணை அனுப்பிவைத்தேன்.

ஜூன் ஒன்று. மேற்கே இருந்து சாரல்.
கருவி அறை வாசலில் யாரோ
சாவி கேட்டு நிற்கிறார்கள்.
0.92
குடையை உதறிக்கொண்டு படியேறி வருகிறது.